உயர்தரம் முடித்த பின் ஆடை வடிவமைப்பாளராவது எப்படி? வன்னியிலிருந்து ஒரு கேள்வி

முத்தையன்கட்டு மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்கு அருகில் வசிக்கிறேன். கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். சித்திரமும் மனைப்பொருளியலும் என் பாடங்களில் இருந்தன. எட்டாம் வகுப்பிலிருந்தே அம்மாவின் மிதி இயந்திரத்தில் தைத்து வருகிறேன். அயலில் உள்ளவர்களுக்குப் பஞ்சாபியும் சாறிச் சட்டையும் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தால் மாதச் சம்பளம் உறுதி என்று மாமா சொல்கிறார். ஆசிரியராகப் போகும்படி சித்தி சொல்கிறார். "தையற்காரிக்கும் வடிவமைப்பாளருக்கும் என்ன வேறுபாடு?" என்று மாமா கேட்டபோது எனக்கு ஒழுங்கான பதில் சொல்லத் தெரியவில்லை. அதை நினைத்து இரண்டு நாட்களாக மனம் அமைதியில்லாமல் இருக்கிறது.

கொழும்புக்குப் போகாமல் இதைத் தொடங்க முடியுமா? என் ஆங்கிலம் பலவீனமானது. வீட்டில் பெரிய பணம் இல்லை. பூக்களையும் கோலங்களையும் நன்றாக வரைவேன், ஆனால் மனித உருவம் எனக்குச் சரியாக வராது. இந்தத் துறையில் இருப்பவர்கள் எவராவது வழி சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

கரைச்சித் தையலகம்

தங்கச்சி, கிளிநொச்சியில் பதினான்கு வருடங்களாகத் தையலகம் நடத்துகிறேன். முதலில் உங்கள் மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வி நியாயமானது.

ஓர் ஆடை உருவாவதற்கு முன் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. யார் உடுத்தப் போகிறார், எங்கே, எந்த வெயிலில், எத்தனை மணி நேரம், எந்தத் துணியில், தையல் உடம்பின் எந்த இடத்தால் போக வேண்டும், எந்தப் பக்கம் திறக்க வேண்டும், கழுவிய பிறகு அது எப்படி இருக்கும் என்பனவெல்லாம் அந்த முடிவுகள். அவற்றைத் தானே எடுத்து அவற்றுக்குப் பொறுப்பேற்பவர் வடிவமைப்பாளர். வேறொருவர் எடுத்த முடிவைத் துணியில் பிழையின்றி நிறைவேற்றுபவர் தையற்கலைஞர். எங்கள் ஊர்களில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் செய்கிறார், ஆனால் முதல் வேலைக்கு எவரும் பெயரும் வைப்பதில்லை, பணமும் கொடுப்பதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இதே போலத் தைத்துத் தாருங்கள்" என்று கேட்டு வருபவர்கள்தான் இப்போது அதிகம். அந்தப் படத்தில் நிற்கும் பெண்ணின் முதுகுப் பக்கத்தில் துணி கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருக்கும், அது படத்தில் தெரியாது. அவர் நடந்து காட்டவில்லை, கையை உயர்த்தவில்லை, மணவறையில் இரண்டு மணி நேரம் இருக்கவுமில்லை. அந்தச் சட்டையை அப்படியே தைத்துக் கொடுத்தால், ஆவணி வெயிலில் மணப்பெண்ணால் மாலையைக்கூடச் சரியாகத் தூக்கிப் போட முடியாது. ஆகவே அந்தப் படத்தில் அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். கழுத்தின் வளைவா, கையின் நீளமா, நிறச் சேர்க்கையா என்று பிரித்து அறிந்த பிறகு, அதை அவருடைய தோளுக்கும் கூறைச் சேலையின் பாரத்துக்கும் ஏற்றபடி மாற்றி வரைந்து காட்டுவேன். நீங்கள் கற்க விரும்புவது இந்த வேலையைத்தான்.

இதற்கு முதற்படி வெட்டுப் படிவம், அதாவது துணியை வெட்டுமுன் தாளில் வரையும் பற்றன். நன்றாகத் தைக்கும் பலருக்குப் பற்றன் வரையத் தெரியாது. பழைய சட்டையை மேலே வைத்து வெட்டித்தான் பழகியிருப்பார்கள். அது ஓர் உடம்புக்குப் பொருந்தலாம், அடுத்த உடம்புக்குப் பொருந்தாது. வீட்டில் கழித்துப் போட்ட நல்ல சட்டை ஒன்றை எடுத்து, தையல் ஒவ்வொன்றையும் பிளேட்டால் பிரித்து, துண்டுகளை மினுக்கி, பழைய பத்திரிகைத் தாளில் வைத்து வரைந்து பாருங்கள். துணியின் நீளவாக்கில் போகும் பாவு நூல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறியால் குறியுங்கள். கையின் மேல்வளைவு ஏன் முன்பக்கத்தில் ஆழமாகவும் பின்பக்கத்தில் ஆழம் குறைவாகவும் இருக்கிறது என்று உங்களுக்கே விளங்கும் வரை அதை விடாதீர்கள். பிறகு விலை குறைந்த சீத்தைத் துணியில் அதையே மீண்டும் வெட்டித் தைத்து, உடுத்திப் பார்த்து, இழுபடும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். என் கடையில் வேலை பழக வருபவர்களுக்கு முதல் மூன்று மாதம் இதைத்தான் கொடுக்கிறேன்.

மொறட்டுவைப் பட்டதாரி

நான் வவுனியாவைச் சேர்ந்தவன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்பும் உற்பத்தி மேம்பாடும் என்ற நான்கு ஆண்டுப் பட்டம் முடித்து, தற்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தின் மாதிரி ஆடைப் பிரிவில் வேலை செய்கிறேன். தங்கையின் கேள்விகளில் படிப்பைப் பற்றியவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இந்தப் பட்டத்துக்கு உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொது விண்ணப்பத்துடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தலைத் தவறவிட்ட மாணவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஆண்டுக்குரிய அனுமதிக் கைநூலில் இந்தக் கற்கைநெறியின் தகுதி விதிகளை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். பெறுபேறு வந்த நாளிலிருந்து பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தையும் வாரந்தோறும் பாருங்கள்.

பரீட்சையில் அழகாக வரையும் திறமையை மட்டும் பார்ப்பார்கள் என்று நானும் பயந்தேன். என் அனுபவத்தில், பார்த்ததை அவதானித்து எழுதவும், ஒரு பொருளை வேறு விதமாக எண்ணிப் பார்க்கவும் முடிகிறதா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மனித உருவம் வராது என்ற கவலையை விடுங்கள். இயல்பான மனித உடல் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் கொண்டது. ஆடை ஓவியத்தில் உருவத்தை ஒன்பது தலை உயரத்துக்கு நீட்டி வரைவது வழக்கம். தாளை ஒன்பது சம பாகங்களாகப் பிரித்துக் கோடுகளை இட்டு, தோள், இடுப்பு, முழங்கால் எந்தக் கோட்டில் வருகின்றன என்று பழகினால் இரண்டு மாதத்தில் கை படிந்துவிடும். தொழிற்சாலையில் அந்த ஓவியத்தைவிட அதிகம் பயன்படுவது தட்டை வரைபடம்தான். உடல் இல்லாமல் ஆடையை மட்டும் முன்னும் பின்னும் அளவுகளுடன் காட்டும் படம் அது. அளவுகோலும் பென்சிலும் இருந்தால் எவரும் அதைக் கற்கலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. முதல் ஆண்டில் விரிவுரை முடிந்ததும் விடுதிக்குப் போய் அகராதியுடன் இரவு முழுக்க இருந்திருக்கிறேன். ஆனால் துறைச் சொற்கள் ஓர் எல்லைக்குள் அடங்குபவை, ஓர் ஆண்டில் அவை பழகிவிடும். இப்போதே ஒரு கொப்பியில், கொலர், டார்ட், ஹெம், பிளீட், யோக் என்று நீங்கள் கையால் தைத்த ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஒரு சிறு துணித்துண்டை ஒட்டி வையுங்கள். கையால் செய்த பொருளின் பெயர் மறப்பதில்லை.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் வழி அடைபட்டுவிடாது. இரத்மலானையில் இலங்கை புடவை மற்றும் ஆடை நிறுவகம் இருக்கிறது. பற்றன் வெட்டுதல், தர மேற்பார்வை போன்றவற்றுக்கு அங்கே தனிக் கற்கைநெறிகள் உண்டு. திறந்த பல்கலைக்கழகமும் புடவை, ஆடைத் துறையில் கற்பிக்கிறது. கொழும்பில் உள்ள தனியார் வடிவமைப்புக் கல்லூரிகள் தரமானவையாக இருக்கலாம், ஆனால் வன்னியில் ஒரு சாதாரணக் குடும்பத்தால் அவற்றின் கட்டணத்தைத் தாங்க முடியாது. காணியை ஈடு வைத்து அங்கே சேரும்படி எவராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நெடுங்கேணி ஆசிரியை

மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மகள், கொழும்பைப் பற்றித் தம்பி சொன்னது சரி, ஆனால் அதற்கு முன் உங்கள் காலடியில் இருப்பதையும் பாருங்கள். கிராம அபிவிருத்தித் திணைக்களத்தின் மகளிர் தையல் பயிற்சி நிலையங்கள் எங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் இருக்கின்றன. பயிற்சியில் சேரும் முன் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: இதன் முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா, கிடைத்தால் எந்த மட்டம்? அந்தத் தகைமைச் சட்டகம் ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு இணையானது. நான்காம் மட்டத்தைப் பெற்ற ஒருவர் அங்கிருந்து மேலே ஏறிச் செல்ல வழி இருக்கிறது. மட்டமே குறிப்பிடாத அழகான சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், படியாக ஏற முடியாது. ஏற்கெனவே பல வருடம் தைத்த அனுபவம் உள்ளவர்களின் திறமையைப் பரிசோதித்து, வகுப்புக்குப் போகாமலே தகைமை வழங்கும் முறையும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அது பயன்படலாம்.

இன்னொரு விடயம், இது என் மனதுக்கு நெருக்கமானது. வடிவமைப்பு என்றால் வெளியிலிருந்து வரும் ஒன்று என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் இந்த வன்னி மண்ணிலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டப்பட்டது. அந்த வேரிலிருந்துதான் துணிக்குச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். படிகாரத்தில் ஊறிய பருத்தி நூலில் அந்தச் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். அதன் பெறுமதி அறிந்துதான் ஒல்லாந்தர் அந்த வேரின் வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தார்கள். காட்டிலிருந்து வேரைத் தோண்டும்படி நான் உங்களுக்குச் சொல்லவில்லை. இந்த நிலத்திலிருந்து நிறம் எடுத்தவர்கள் எங்கள் முன்னோர்களில் இருந்தார்கள் என்பதை அறிந்துகொண்டு வரையத் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். மாத்தளை அலுவிகாரையில் ஈனா டி சில்வா அம்மையார் கிராமத்துப் பெண்களின் கைகளைக் கொண்டே பத்திக் கலையை உயர்த்தினார். ஜெயவர்தனபுரக் கோட்டைப் பாராளுமன்றக் கட்டடத்திலும் அவருடைய கைவேலை இடம்பெற்றது. கிழக்கே மருதமுனையின் கைத்தறியை இன்றும் எல்லோரும் அறிவார்கள். கொழும்பு இல்லாத இடங்களிலிருந்தும் இவையெல்லாம் நடந்தன.

அறிவியல்நகர் முன்னாள் ஊழியர்

தொழிற்சாலையை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் மூன்று வருடங்கள் ஆடைத் தொழிற்சாலை வரிசையில் வேலை செய்தேன். மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மாதாமாதம் சம்பளம் வந்தது, வீட்டுக்கு மலசலகூடம் கட்டினேன், தங்கையைப் படிப்பித்தேன். ஆனால் முதல் பதினொரு மாதமும் ஒரே தையலைத்தான் தைத்தேன். ஒரு நாளில் எத்தனை நூறு தோள் மூட்டுகளைத் தைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முழு ஆடையை நான் பார்த்தது பெட்டியில் அடுக்கும்போதுதான்.

பிறகு மேற்பார்வையாளரிடம் நானாகவே போய், மாதிரி ஆடைப் பிரிவில் ஆள் தேவைப்பட்டால் என்னைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று கேட்டேன். இரண்டு தடவை மறுத்தார்கள், மூன்றாம் தடவை எடுத்தார்கள். அங்கேதான் கண் திறந்தது. ஒரு வரைபடம் வரும், அதிலிருந்து முதல் ஆடையை நாங்கள் தைப்போம், அளவு கால் அங்குலம் பிசகினாலும் திரும்பி வரும். துணி கழுவலில் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே சோதித்து, அந்த அளவைப் பற்றனில் கூட்டுவார்கள். ஒரு தையலுக்கு எத்தனை வினாடி போகிறது என்று கணக்கெடுத்துத்தான் விலையைத் தீர்மானிப்பார்கள். இந்த ஒழுங்கை வெளியில் எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. ஆகவே தங்கச்சி தொழிற்சாலைக்குப் போவதென்றால் இரண்டு வருடம் என்று எல்லை வைத்துக்கொண்டு, மாதிரிப் பிரிவைக் குறிவைத்துப் போக வேண்டும். எல்லை இல்லாமல் போனால் வருடங்கள் ஓடிவிடும்.

முத்தையன்கட்டு மாணவி

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா சொன்னபடி அப்பாவின் பழைய சேட் ஒன்றைப் பிரித்தேன். கொலர் இரண்டு துண்டு என்று நினைத்திருந்தேன். உள்ளே விறைப்புத் துணியையும் சேர்த்து ஆறு துண்டுகள் இருந்தன. மாமாவுக்கும் அந்தப் பதிலை வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கொலரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு நிறுவனத்தினர் வீட்டுக்கே வந்து, தையல் இயந்திரம் வாங்கக் கடன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரந்தோறும் கட்ட வேண்டுமாம். ஓர விளிம்பு தைக்கும் ஓவர்லொக்கும் மின்சாரத்தில் ஓடும் ஜூக்கித் தையல் இயந்திரமும் சேர்த்து வாங்கலாமா என்று யோசிக்கிறேன்.

பாலிநகர் அக்கா

வேண்டாம், பிள்ளை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் கணக்குத் திறந்து எழுதுகிறேன்.

போர் முடிந்து மீளக் குடியேறிய பிறகு எங்கள் ஒழுங்கையில் அப்படிக் கடன் எடுத்த ஏழு பெண்களில் நானும் ஒருத்தி. தையல் வருமானம் வாரக் கணக்கில் வருவதில்லை. தைப்பொங்கலுக்கு முன்னும், வருடப்பிறப்புக்கு முன்னும், கல்யாண மாதங்களிலும் வரும். ஆடி போன்ற மாதங்களில் இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். தவணை மட்டும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாசலுக்கு வரும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தேன். கடைசியில் எந்த இயந்திரத்துக்காகக் கடன்பட்டேனோ அதையே விற்றேன். கடன் எடுக்கத்தான் வேண்டுமென்றால், கூட்டுறவுச் சங்கத்திலோ அரச வங்கியிலோ, பருவத்துக்கு ஏற்றபடி கட்ட முடியுமா என்று கேட்டு, வட்டியை வருடக் கணக்கில் எழுதித் தரச் சொல்லி, வீட்டில் எல்லோருடனும் பேசிய பிறகு எடுங்கள். அம்மாவின் மிதி இயந்திரத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டு பல மணி நேரம் மின்சாரம் இல்லாத நாட்களில் எங்கள் பகுதியில் தைத்தது மிதி இயந்திரங்கள் மட்டும்தான்.

கரைச்சித் தையலகம்

அக்கா எழுதியதை நானும் வழிமொழிகிறேன். முதல் வருடத்துக்கு மிதி இயந்திரம், நல்ல கத்தரிக்கோல், அளவு நாடா, வளைவுக் கோல், நீராவி மினுக்கி ஆகியவை போதும். துணி வெட்டும் கத்தரிக்கோலால் தாள் வெட்டாதீர்கள், வீட்டில் எவரையும் வெட்ட விடவும் வேண்டாம். ஓர விளிம்பு தைப்பதற்கு, ஓவர்லொக் வைத்திருக்கும் கடையில் துண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செய்விக்கலாம். பின்னர் ஜூக்கி வாங்கும்போது சேர்வோ மோட்டர் பூட்டியதாக வாங்குங்கள். பழைய வகை மோட்டர் நீங்கள் தைக்காத நேரத்திலும் சுழன்றுகொண்டிருக்கும், சேர்வோ கால் வைத்தால் மட்டும் சுழலும், மின்கட்டணத்தில் அந்த வேறுபாடு தெரியும்.

விலை சொல்லும்போது வெட்கப்படாதீர்கள். ஐந்து மணி நேரம் எடுக்கும் சட்டைக்கு, மணிக்கு 300 ரூபா என்று வைத்தாலும் உழைப்பு 1,500 ரூபா. லைனிங், நூல், கொழுக்கி, மினுக்கும் மின்சாரம் எல்லாம் அதற்கு மேலே. வடிவம் யோசித்து வரைந்த நேரத்தைத் தனிக் கோட்டில் எழுதுங்கள். முதல் வருடம் அந்தக் கோட்டில் நூறு ரூபாதான் போட முடிந்தாலும், அந்தக் கோடு பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். நான் பத்து வருடம் அதை எழுதாமல் விட்டேன். இன்று எழுதினால் பழைய வாடிக்கையாளர்கள் ஏன் என்று கேட்கிறார்கள்.

இரணைப்பாலை வாசகர்

இந்த இழைக்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, செயற்கைக் கால் பூட்டியிருக்கிறேன். வீட்டில் சாரம் உடுத்தால் பிரச்சினை இல்லை. வேலைக்கு நீளக்காற்சட்டை போட வேண்டும். மதியத்தில் வேர்த்துக் கால் வழுகும்போது கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு முழுக் காற்சட்டையையும் கழற்றுவதற்கு ஒதுக்கிடம் தேட வேண்டும். செயற்கைக் காலில் மீதிக் கால் நுழையும் கிண்ணத்தின் மேல்விளிம்பு உராய்ந்து துணி அந்த இடத்தில் இரண்டு மாதத்தில் நைந்துவிடுகிறது. கடையில் வாங்கும் எந்தக் காற்சட்டையும் எனக்காகத் தைக்கப்பட்டதாக இல்லை. தைப்பவர்களிடம் கேட்டால் காலைச் சற்று அகலமாக வைத்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். வடிவமைப்பாளர் என்றால் யார் உடுத்தப் போகிறார் என்று யோசிப்பவர் என்று மேலே எழுதியிருந்ததை வாசித்தேன். அதனால்தான் கேட்கத் தோன்றியது.

மொறட்டுவைப் பட்டதாரி

அண்ணா, இது நிச்சயமாகப் பொருந்தும். இந்த இழையில் வந்தவற்றுள் மிகச் சரியான வடிவமைப்புக் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

உள்பக்கத் தையலைப் பாதத்திலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல் வரை திறக்கும்படி அமைக்கலாம். அதில் மறைசிப் அல்லது வெல்குரோ வைத்தால், இருந்த இடத்திலேயே திறந்து காலைக் கழற்றிப் பூட்ட முடியும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தையலாகவே தெரியும். கிண்ணத்தின் விளிம்பு படும் இடத்தில் உள்ளே வழுவழுப்பான ஒரு துணியைத் தனித் துண்டாக வைத்துத் தைத்தால் உராய்வை அது வாங்கிக்கொள்ளும், நைந்ததும் அதை மட்டும் மாற்றலாம். அந்த இடத்தில் தையல் மூட்டு வரக் கூடாது. துணி சற்று இழுபடும் பருத்திக் கலவையாக இருப்பது நல்லது.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. காற்சட்டையின் பின்பக்க உயரத்தைக் கூட்டி முன்பக்கத்தைக் குறைக்க வேண்டும். பின்பைகளையும் தடித்த மூட்டுகளையும் நீக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க இருக்கும்போது அவை அழுத்திப் புண்ணாக்கும். இருக்கும்போது கால் நீளம் மேலே ஏறுவதால் கீழே ஓர் அங்குலமாவது கூட்டி வைக்க வேண்டும். ஒரு கையால் உடுத்துபவர்களின் சேட்டில் மேலே தெறி இருப்பதாகக் காட்டி, அடியில் வெல்குரோ வைக்கலாம்.

தங்கையே, நான் நான்கு வருடம் படித்து, இப்போது குளிர் நாட்டுக்காரர்களின் விளையாட்டு உடைக்குச் சிப் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று யோசிக்கிறேன். அந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் கையை, காலை இழந்து, அதே உடம்புடன் வயலுக்கும் அலுவலகத்துக்கும் போய் வரும் மனிதர்கள் எங்கள் நான்கு மாவட்டங்களில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்காக ஒருவரும் பற்றன் வெட்டவில்லை. அண்ணாவின் அளவை எடுங்கள். பரீட்சைக்கும் வேலைக்கும் காட்டும் உங்கள் தொகுப்புக் கோப்பின் முதற்பக்கம் அதுவாக இருக்கட்டும். அளவெடுத்த தாள், முதல் வரைபடம், பிழைத்த மாதிரி, திருத்திய மாதிரி, அண்ணா சம்மதித்தால் முகமில்லாத ஒரு படம். அழகான நூறு கவுண் ஓவியங்களைப் பார்த்துக் களைத்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில் கட்டாயம் நிற்பார்.

ரொறன்ரோ வாசகி

புதுக்குடியிருப்பைச் சொந்த ஊராகக் கொண்டவள் நான். புலம்பெயர்ந்த நாங்கள் பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் கல்யாணத்துக்கும் சட்டைகளை ஊரில் தைப்பிக்க விரும்புகிறோம், ஆனால் அளவில்தான் எப்போதும் பிழைக்கிறது. உடம்பில் அளவெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், எடுப்பவருக்குத் தெரியாது. நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தைத்தால் இங்கே நாங்களே தளர்த்திக்கொள்ளலாம். பாதிப் பணத்தை முன்னதாக வாங்குங்கள். தர மறுப்பவருக்குத் தைக்க வேண்டாம்.

நெடுங்கேணி ஆசிரியை

வெளிநாட்டு ஓடர் எடுக்கத் தொடங்கும்போது வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், மகள். கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்தில் செய்யலாம், தனிநபர் வியாபாரத்துக்கு அது கடினமான வேலை அல்ல. வங்கியிலும் கண்காட்சிகளிலும் முதலில் கேட்பது அந்தப் பதிவுப் பத்திரத்தைத்தான்.

முத்தையன்கட்டு மாணவி

நான்கு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பெறுபேறு வந்துவிட்டது. உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் நான்காம் மட்டச் சான்றிதழுக்குப் பயிற்சி நிலையத்தில் சேர்வதாகவும், அதற்குப் பிறகு இரண்டு வருடம் மாதிரிப் பிரிவை நோக்கித் தொழிற்சாலைக்குப் போவதாகவும் மாமாவுடன் பேசி முடித்திருக்கிறோம். கடன் எடுக்கவில்லை.

இரணைப்பாலை அண்ணா தன் மனைவியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அளவெடுத்தபோது ஒரு பிழை விட்டேன். அவர் நின்றபடி மட்டும் எடுத்தேன். முதல் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தபோது, முழங்காலில் துணி இழுபட்டு வெல்குரோ தானாகத் திறந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டு, "இப்ப இருந்தபடி எடுங்கோ, தங்கச்சி" என்றார். இரண்டாவதில் முழங்காலுக்கு நேரே முக்கால் அங்குலம் கூட்டி, வெல்குரோவை ஒரே நீளப் பட்டியாக வைக்காமல் மூன்று துண்டுகளாகப் பிரித்து வைத்தேன். மூன்று வாரமாக அதை வேலைக்குப் போட்டுப் போகிறார். மாமா வந்து பார்த்துவிட்டு, மிதி இயந்திரத்தின் பட்டியைத் தன் செலவில் புதிதாக மாற்றித் தந்தார்.

இப்போது ஒரு சிக்கல். கழுவும்போது வெல்குரோவின் முட்பக்கத்தில் நூலும் பஞ்சும் அடைத்துக்கொள்கின்றன, பிடிப்புக் குறைந்து வருகிறது. மறைசிப்புக்கு மாற்றினால் அவருடைய விரல்களுக்குக் கடினமாக இருக்கும், வலது கையிலும் அவருக்குக் காயம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கரைச்சித் தையலகம்

கழுவும் முன் மூன்றையும் ஒட்டிவிட்டுக் கழுவச் சொல்லுங்கள், முள்ளில் அடைத்ததைப் பழைய பற்தூரிகையால் எடுக்கலாம். அதுவும் போதாவிட்டால், பல் பெரிய பிளாஸ்ரிக் சிப் ஒன்றை எடுத்து, அதன் இழுவையில் விரல் நுழையும் அளவுக்கு நாடா வளையம் ஒன்றைத் தைத்துப் பாருங்கள். வளையத்தைக் காற்சட்டையின் நிறத்திலேயே வையுங்கள். வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தால் என்னிடம் இருக்கும் சிப் வகைகளைக் காட்டுகிறேன், அண்ணாவையும் கூட்டிவாருங்கள்.